கோயில்காட்டில் எழுநூறு மீட்டர்

மதுரைக்குப் பக்கத்தில் ஆண்டுதோறும் தை மாதத்தில் நடக்கும் ஐம்பது கிலோமீட்டர் காட்டுப்பாதை ஓட்டத்தில் நான் இரண்டு முறை கலந்துகொண்டிருக்கிறேன். ஒருமுறைகூட முடித்ததில்லை. ஆனால் போன வருடம் எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். அந்த ஓட்டத்தைப் பற்றி இந்த வலைப்பூவில் ஒரு வரிகூட எழுதாததற்குக் காரணம் அதுதான். பின்னூட்டத்தில் "எழுதுங்களேன் சார்" என்று கேட்டவர்களுக்கு நேரமில்லை என்று பதில் போட்டேன். நேரம் நிறைய இருந்தது.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு வயது நாற்பத்தாறு. அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒத்தக்கடையில் புது பிளாட் ஒன்றில் குடும்பத்தோடு இருக்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன் சர்க்கரை 240 என்று ரிப்போர்ட் வந்ததும் பயந்துபோய் நடக்க ஆரம்பித்தேன். நடை ஓட்டமானது. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, அது அலுத்துப்போய்க் கண்மாய்க் கரைகளுக்கு வந்தேன். வேகம் என்று ஒன்றும் கிடையாது. எந்த ஓட்டத்திலும் கடைசி இருபது பேரில் ஒருவன். எங்களைப் போன்றவர்களுக்குப் பக்கத்தில் ஓடுகிறவர் யாரும் போட்டி இல்லை. கெடு நேரம்தான் போட்டி.

இந்த ஓட்டத்தின் கெடு ஒன்பது மணி நேரம். காலை 5.30க்குக் கிளம்பினால் மதியம் 2.30க்குள் திரும்பிவிட வேண்டும். நடுவில் நாற்பதாவது கிலோமீட்டரில் இன்னொரு கெடு உண்டு. 7 மணி 15 நிமிடத்துக்குள் அங்கே வந்து சேரவில்லை என்றால் நெஞ்சில் குத்தியிருக்கும் எண்ணை வாங்கிக்கொண்டு வேனில் ஏற்றிவிடுவார்கள்.

போன வருடம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோராவது கிலோமீட்டரில் பாதை ஒரு கோயில்காட்டுக்குள் நுழைகிறது. சாமிக்கென்று விட்ட காடு. அங்கே ஒரு குச்சியை ஒடிக்கக் கூடாது, செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. யாராக இருந்தாலும் இதே சட்டம்தான். இரண்டு முனையிலும் சுண்ணாம்பு அடித்த கல் நிற்கிறது. கல்லுக்குக் கல் எழுநூறு மீட்டர். ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறோம் என்று பதிவுப் படிவத்திலேயே கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தச் சம்மதத்தின் பேரில்தான் ஊர்க்காரர்கள் பாதை விட்டிருக்கிறார்கள்.

நான் அந்தக் கல்லுக்கு வந்தபோது காவலுக்கு ஆள் இல்லை. முன்னால் யாரும் தெரியவில்லை, பின்னால் யாரும் வரவில்லை. கால் வீங்கியிருந்தது. கழற்றினால் திரும்ப மாட்டுவது பெரும்பாடு. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஷூவோடு ஓடினேன். ஐந்து நிமிடம் ஆனது. கடைசியில் 8 மணி 56 நிமிடத்தில் கோட்டைத் தொட்டேன். கழற்றி, நடந்து, மாட்டியிருந்தால் குறைந்தது பத்து நிமிடம் கூடுதலாக ஆகியிருக்கும். ஆறு நிமிடத்தில் தவறியிருப்பேன். கணக்கு வாத்தியாருக்கு இதற்குத் தாள் வேண்டியதில்லை.

பிறகு ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். என் அப்பா விவசாயக் கூலி. மேலத்தெரு வழியாகப் போகும்போது செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர். எனக்கு முதல் செருப்பு வாங்கித் தந்தபோது, யார் சொன்னாலும் இதைக் கழற்றாதே என்று சொன்னார். அந்தச் சொல்லைத்தான் காப்பாற்றினேன் என்று ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கல்லைத் தாண்டும்போது அப்பா என் நினைவில் இல்லவே இல்லை. கடிகாரம்தான் இருந்தது.

இந்த வருடம் மறுபடி பதிவு செய்ததற்கு அந்த உறுத்தல்தான் காரணம். கழற்றி மாட்டும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துப் பயிற்சி எடுத்தேன். முறையாகக் கழற்றி, முறையாக நடந்து, ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டால் போன வருடத்துப் பதக்கமும் எனக்குச் சொந்தமாகிவிடும் என்று நினைத்தேன். பள்ளியில் ஒரு மாணவன் இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் பெரிய சுழியம் போட்டிருப்பேன்.

பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிறு. பதிவுக் கட்டணம் 1,800 ரூபாய். முந்தைய நாள் மாலை 4 முதல் 7 வரை, ஓட்டம் தொடங்கும் பள்ளிக்கூடத்திலேயே எண் தருகிறார்கள். மேலூர் வரை பேருந்து உண்டு, அங்கிருந்து ஆட்டோவுக்கு 400 ரூபாய். ஆனால் ஞாயிறு விடியற்காலையில் ஆட்டோவை நம்ப முடியாது. நான் ஒத்தக்கடையிலிருந்து காரே பேசிவிட்டேன். 34 கிலோமீட்டர், 1,100 ரூபாய். சரியாக 4.15க்கு வந்தார் டிரைவர் காசி. பாதி வழியில் விசாரித்தார்.

"எம்புட்டு தூரம் சார் ஓடணும்?"

"அம்பது கிலோமீட்டர்."

"ஓடி எங்க போவீங்க?"

"கிளம்புன எடத்துக்கே வரணும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுக்குப் பேசாம அங்கனயே இருந்துரலாமே சார்" என்றார். இருபது கிலோமீட்டருக்குப் பிறகு எனக்கும் அப்படித்தான் தோன்றும் என்று சொல்லிவைத்தேன்.

5.30க்கு நூற்று இருபது பேர் கிளம்பினோம். முதல் பத்துக் கிலோமீட்டர் கண்மாய்க் கரை. தண்ணீர் நிறைந்திருந்தது, பனி இறங்கியிருந்தது, மண் பதமாக இருந்தது. இதைவிட நல்ல ஓட்டப் பாதை எனக்குத் தெரியாது. 1 மணி 22 நிமிடத்தில் பத்தைத் தொட்டேன். அடுத்த பதினொன்று அறுத்த வயல் வழியாக. நெல்தாள் காலில் குத்தும், வரப்பு சறுக்கும், பார்த்து வையுங்கள். அதன் பிறகு சீமைக்கருவேலங்காடு. இங்கேதான் வெயில் ஏறுகிறது, நிழல் என்று பெயருக்குக்கூட இல்லை. ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் ஒரு மேசை போட்டு மோர், வாழைப்பழம், கடலை மிட்டாய், எலுமிச்சை உப்புத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். இருபத்தைந்தில் தர்பூசணி. அதை அதிகம் தின்றுவிட்டு ஓடினால் வயிறு சண்டை பிடிக்கும்.

முப்பதை 4 மணி 52 நிமிடத்தில் கடந்தேன். போன வருடத்தைவிட இருபது நிமிடம் முன்னால். மனசு லேசாக இருந்தது. கல்லைப் பார்த்ததும் எனக்கு முந்திக்கொண்டு என் கைகளே ஷூ லேஸுக்குப் போயின.

இந்த முறை கல்லருகே ஆள் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். தோளில் துண்டு, கையில் ஆடு மேய்க்கும் தொரட்டி. பக்கத்தில் அவர் மனைவி. ஷூவும் சாக்ஸும் கையில் வந்ததும், "நடங்க சார், நானும் வாரேன். இங்க இவ பாத்துக்கிருவா" என்று கூடவே நடந்தார். பெயர் மலைச்சாமி என்றார். எனக்கு அரை அடி பின்னால், தரையைப் பார்த்தபடியே வந்தார். முள் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"போன வருசமும் வந்தீங்களா சார்?"

"வந்தேண்ணே."

"அப்பயும் எனக்குத்தான் இங்க காவல். எல்லாரும் போயிட்டாகன்னு ஒருத்தர் சொன்னாரு. ஆட்டைத் திருப்பப் போயிட்டேன். மறுநா காலைல வந்து பாத்தா ஷூ தடம். இந்தக் கல்லுல இருந்து அந்தக் கல்லு வரைக்கும்."

நான் என் காலடியைப் பார்த்து நடந்தேன். மணல் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது.

"ஊர்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஓட வந்தவுக படிச்ச ஆளுக, கையெழுத்துப் போட்டவுக, அவுக செஞ்சிருக்க மாட்டாகன்னுட்டாக. இந்த ஊர்ல ஷூ மாட்டி ஓடுறவன் ஒரே ஒருத்தன்தான். எம்மகன் முருகேசன். போலீஸ் செலக்சனுக்கு ஓடிக்கிட்டிருந்தான். அவன் வேலைதான்னு முடிவு கட்டிட்டாக."

அந்த ஊரில் வைகாசியில் புரவி எடுப்பு நடக்கும். மண்ணில் செய்த குதிரைகளைத் தோளில் தூக்கி வந்து இந்தக் கோயில்காட்டில் வைப்பார்கள். மலைச்சாமியின் தெருவுக்கு அதில் பங்கே கிடையாது. வருடக்கணக்காகப் பேசி, நாலு வருடத்துக்கு முன்தான் ஒரு குதிரையைத் தூக்கும் உரிமை வாங்கியிருந்தார்கள். போன வைகாசியில் அதை நிறுத்திவிட்டார்கள். எப்போது காரணம் கிடைக்கும் என்று காத்திருந்தவர்களுக்கு ஷூ தடம் கிடைத்தது.

"மகன் என்ன சொன்னாப்ல?"

"நான் இல்லைன்னான். அம்புட்டுத்தான் சொன்னான். ரெண்டாவது தடவை கேட்டப்ப ஷூவத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டான். மறுநா திருப்பூர் போயிட்டான், பனியன் கம்பெனிக்கு. இப்ப ஓடுறதில்ல."

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்காமல் நடந்தது எத்தனை அடி என்று எனக்குத் தெரியும். எண்ணிக்கொண்டே நடந்தேன். நாற்பத்திரண்டு. அந்த நாற்பத்திரண்டு அடியில் எனக்கு வந்த நினைப்புகளில் நல்லது ஒன்றுமில்லை. கடிகாரத்தையும் பார்த்தேன், அதை மறைக்க விரும்பவில்லை.

"அண்ணே, அது நான்தான்" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "தெரியும் சார்" என்றார். "வலது கால வெளிய திருப்பி வைக்கிறீங்க. குதிங்கால்ல உள்பக்கம் அழுந்துது. காலைல இருந்து தொண்ணூறு பேரு காலப் பாத்துட்டேன். இதுக்குத்தான் இந்த வருசமும் காவலுக்கு நானே நிக்கிறேன்னு கேட்டு வாங்குனேன். நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்."

பின்னால் திரும்பிப் போனார். நான் மிதித்துவிட்டு வந்த தடம் ஒன்றின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எம்மகன் நேரா வைக்கிறவன் சார். நடக்குறப்ப நேராத்தான் வைப்பான். ஓடுறப்ப எப்படி வைப்பான்னு நான் பாத்தது இல்ல" என்றவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல், ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைத் தாண்டி மூன்று பேர் போனார்கள்.

அடுத்த மோர் மேசை முப்பத்து மூன்றாவது கிலோமீட்டரில், அந்த ஊர் மந்தைத் திடலில். ஊர்ப் பெரியவர்கள் ஆறேழு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓடி வருகிறவர்களுக்குத் தங்கள் கையாலேயே மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மலைச்சாமியும் கூடவே வர, நான் போய்ச் சேர்ந்தபோது 11.15. மோரை வாங்காமல் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை, வெயிலில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து உட்கார வைத்தார்கள்.

வயதில் மூத்தவர்தான் முதலில் பேசினார். "சாருக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"அந்த ஊர்ல எந்தத் தெரு?"

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெருவைச் சொன்னேன். இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதான் கழட்ட மனசு வரலையோ?" என்றார் இன்னொருவர்.

ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதை அவர் எடுத்து என் கையில் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். அவர்களுக்கும் வசதியாக இருந்திருக்கும், ஏனென்றால் பழி மறுபடியும் ஒரு தெருவின் மேலேயே போய் விழுந்திருக்கும். "இல்லைங்க" என்றேன். "நேரம் பத்தாதுன்னு ஓடினேன். வேற காரணம் எதுவும் இல்ல. தப்பு என்னோடது. இவரு மகனோடது இல்ல."

"எழுதிக் குடுப்பீங்களா?"

யாரோ பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொண்டுவந்தார்கள். எழுதினேன். கை உப்புப் பூத்திருந்தது, எழுத்து கோணலாக வந்தது. பெயர், விலாசம், போன வருடத்து ஓட்ட எண், இந்த வருடத்து எண் எல்லாம் போட்டுக் கையெழுத்து வைத்தேன். மூத்தவர் வாங்கி இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வைகாசிக்கு முன்னால கூடிப் பேசுறோம். அடுத்த வருசம் ஓட்டத்துக்கு இங்கிட்டு வழி விடுறதான்னும் பேசணும்" என்றார். மலைச்சாமி நின்றுகொண்டே இருந்தார். அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

நான் கிளம்பும்போது 11.45. மலைச்சாமி கூட வந்து தன் போனில் இருந்த ஒரு எண்ணைக் காட்டி, என் போனில் ஏற்றச் சொன்னார். "முருகேசன்கிட்ட நீங்களே சொல்லிருங்க சார். நான் கூப்பிட்டா அவன் எடுக்க மாட்டான்."

நாற்பதாவது கிலோமீட்டருக்கு வந்தபோது மணி 1.02. கெடு முடிந்து பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. ஓட்டத்தை நடத்துகிற பல் டாக்டர் அம்மாவே அங்கே நின்றிருந்தார். எண்ணை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருடம் அலைந்து அந்த ஊரின் சம்மதத்தை வாங்கியவர் அவர். நான் கொடுத்த எண்ணை நாலாக மடித்தார். "உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு சார். அது இன்னைக்குப் போகாது. வேன்ல ஏறுங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். அடுத்த வாரம் பரவையில் இருக்கும் அவருடைய கிளினிக்கில் போய்ப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். போன வருட முடிவுப் பட்டியலில் இருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இந்த ஓட்டம் அடுத்த வருடம் இதே வழியில் நடக்குமா என்று தெரியவில்லை. நடக்காமல் போனால் அதற்குக் காரணம் நான்தான். நடந்தால் பொங்கலுக்கு முந்தைய மாதமே பதிவு செய்துவிடுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. மேலூரில் 900 ரூபாய்க்கு அறை கிடைக்கிறது. அரைச் சைஸ் பெரிய ஷூ போடுங்கள், முப்பதுக்கு மேல் கால் வீங்கும். கோயில்காட்டுக்கு மொத்தமாகப் பதினாறு நிமிடம் ஒதுக்குங்கள். கழற்ற ஒன்றரை, நடக்கப் பதினொன்று, மாட்ட மூன்றரை. அந்தப் பதினாறு நிமிடம் உங்களிடம் இல்லை என்றால் இது உங்களுக்கான ஓட்டம் இல்லை. நம்மைப் போன்றவர்கள் ஒரு நாள் ஊர்க்காடுகளுக்குள் ஓடிவிட்டுப் பதக்கத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். நாம் விட்டுவந்த தடத்துக்குப் பதில் சொல்ல யார் நிறுத்தப்படுகிறார் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு இது தெரிய ஒரு வருடம் ஆனது.

ஊரின் பெயரை எழுதவில்லை. மலைச்சாமி கேட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை மாலை ஆறரைக்கு முருகேசனை அழைத்தேன். பின்னால் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. யார் என்று சொன்னேன், என்ன செய்தேன் என்று சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஊர்ல எழுதிக் குடுத்துட்டீங்களா சார்?"

"குடுத்துட்டேன் தம்பி."

"பெரியவுக என்ன சொன்னாக?"

"பேசுறோம்னாங்க."

"பேசுவாக" என்றான். பிறகு, "எங்கப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டான்.

தொண்ணூறு பேர் காலைப் பார்த்ததைச் சொன்னேன். என் தடத்தின் மேல் கையை வைத்ததையும், துண்டால் முகத்தை மூடிக்கொண்டதையும் சொன்னேன். மெஷின் சத்தம் கொஞ்சம் குறைந்தது. வெளியே எங்கோ நடந்து போயிருக்கிறான் என்று நினைக்கிறேன்.

"அப்ப நேத்து வரைக்கும் அவரும் என்னைய நம்பல" என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். அதை அவன் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

"சரி சார், வைங்க" என்றான். "ஆட்டை அடைச்சுட்டு இப்பத்தான் வீட்டுக்கு வந்திருப்பாரு. அவரக் கூப்பிடணும்."